எண்ணூறு வயது ட்ராகனுக்கு வரலாறு தெரியாதாம்

டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் 'மான்ஸ்டர் மனுவல்' 2014இல் வந்தது. அதில் ஏன்ஷன்ட் ரெட் ட்ராகனின் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். வயது 800க்கு மேல். உயிர்ப்புள்ளி 546. புத்திக்கூர்மை 18, ஒரு சாதாரண ஊர்ச் சனத்துக்கு அது 10தான். இவ்வளவும் சரி. ஆனால் திறன்கள் என்ற வரிக்கு வந்தால் இரண்டே இரண்டு விசயம்தான் இருக்கு: கவனிப்பு +16, பதுங்கல் +7. அதோட முடிஞ்சுது. வரலாறு இல்லை. ஆளை எடைபோடத் தெரியாது. பேசி இணங்க வைக்கவும் தெரியாது.

இந்த விளையாட்டை 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் பெடியள் மேசையைச் சுற்றி இருந்து விளையாடுறதாக மட்டும் பார்த்தவைக்கு ஒரு சின்ன விளக்கம். இதில் பலகை கட்டாயமில்லை, வெல்றது தோற்கிறதும் இல்லை. ஒராள் கதையை நடத்துவார்; அவரைத்தான் டி.எம். என்கிறது. மற்றவை ஆளுக்கொரு பாத்திரமாக நின்று என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லுவினம். செய்யப்போற காரியம் சரிவருமா என்று சந்தேகம் இருந்தால் இருபது பக்கப் பகடையை உருட்டி, வந்த எண்ணோடு உங்கள் திறன் எண்ணைக் கூட்ட வேண்டும். இலக்கு எண்ணைத் தொட்டால் காரியம் சரி. கடினமான காரியம் என்றால் இலக்கு 20.

இப்ப ஒரு கணக்குப் பார்ப்பம். அழிந்துபோன ஒரு இராச்சியத்தைப் பற்றி ஒரு கடினமான வரலாற்றுக் கேள்வி. இலக்கு 20. ட்ராகனுக்கு வரலாற்றில் தேர்ச்சி இல்லாததால் புத்திக்கூர்மைக்கு உரிய +4 மட்டும்தான். அது 16 அல்லது அதற்கு மேல் உருட்ட வேண்டும். வாய்ப்பு நூற்றுக்கு 25. அதே கேள்வியை முதலாம் மட்டத்தில் நிற்கிற ஒரு மந்திரவாதியிடம் கேளுங்கள். புத்திக்கூர்மை 16, வரலாற்றில் தேர்ச்சி, மொத்தம் +5. வாய்ப்பு நூற்றுக்கு 30. அதாவது, அந்த இராச்சியத்தை எரித்த ட்ராகனைவிட, அதைப் பற்றி நூலகத்தில வாசிச்ச ஃபர்ஸ்ட் இயர் பெடியனுக்குக் கூடத் தெரியும் என்கிறது விதி.

இதைச் சின்னக் கவனப்பிழை என்று விட்டுவிடலாம். கனபேர் அப்படித்தான் விடுகிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. அந்தப் பக்கம் எதற்காக எழுதப்பட்டதோ அதற்கு அது சரியாகத்தான் எழுதப்பட்டிருக்கு. கொல்லுறதுக்குத் தேவையான தகவல் எல்லாம் அங்கே இருக்கு. எவ்வளவு அடி தாங்கும், எவ்வளவு அடிக்கும், நீங்கள் ஒளிச்சு வந்தால் காணுமா, அது ஒளிச்சு வந்தால் நீங்கள் காண்பியளா. சண்டைக்கு முதலும் பிறகும் அந்த மிருகம் என்ன செய்யுது, யாரோட கதைக்குது, எதை நினைவு வைச்சிருக்குது என்பதெல்லாம் கணக்கில் இல்லை. அதே ஆண்டு வந்த 'டன்ஜன் மாஸ்டர்ஸ் கைட்'டில், புதிதாக ஒரு மிருகத்தை உருவாக்கும்போது திறன்கள் அதன் சவால் அளவைப் பாதிக்காது என்று எழுதியே இருக்கு. அறிவு ஒரு ஆபத்தாகக்கூட எண்ணப்படவில்லை.

பழைய பதிப்புகளுக்குப் போனால் இது இன்னும் வெளிப்படை. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட முதல் விதிகளில் ட்ராகனை அடித்துப் பணியவைத்து, பிறகு விற்கவும் விதி இருந்தது. அதே ட்ராகன் வாய் திறந்து கதைக்கவும் கூடும். பேச்சுத் தெரிந்த ஒரு உயிரைச் சந்தையில் விலை பேசுறதில் யாருக்கும் உறுத்தல் வரவில்லை.

மூன்றாம் பதிப்பு மற்ற அந்தத்துக்குப் போனது. 2003இல் வந்த 3.5 விதிகளின்படி மிக மூத்த சிவப்பு ட்ராகனுக்கு, அதாவது கிரேட் வேர்முக்கு, கணக்குப் போட்டால் 602 திறன் புள்ளிகள் வரும். பதினாலு திறன்களை உச்சம்வரை நிரப்பலாம். வரலாறு மட்டும் +51. அப்ப மிகக் கடினமான கேள்விக்கும் இலக்கு எண் 30தான். பகடையைத் தொடவே தேவையில்லை. தெரியாதது எண்டு ஒண்டும் இல்லாத ஒரு ட்ராகன். அதோடு 602 புள்ளியையும் பங்கிட்டு எழுத வேண்டிய டி.எம். பாவம். அசைன்மென்ட் எழுதுற நேரம் அதுக்கே போயிடும்.

ஆக ஒரு பதிப்பில் ட்ராகனுக்கு ஒன்றும் தெரியாது. இன்னொன்றில் எல்லாம் தெரியும். இரண்டுமே அறிவை ஒரு எண்ணாக மட்டும் பார்த்ததால் வந்த வினை.

ஐந்தாம் பதிப்பு எல்லா ட்ராகனையும் ஊமையாக்கவில்லை என்று யாராவது சொல்லுவீர்கள். உண்மைதான். பச்சை ட்ராகனுக்கு ஏமாற்று, ஆளறிதல், இணங்க வைத்தல் மூன்றும் இருக்கு. வெள்ளி ட்ராகனுக்கு வரலாறும் மந்திர ஞானமும் இருக்கு. ஆனால் எதை வைத்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். நிறத்தை வைத்து! பச்சையாய்ப் பிறந்தால் பேச்சு வரும், வெள்ளியாய்ப் பிறந்தால் படிப்பு வரும், சிவப்பாய்ப் பிறந்தால் நெருப்பு மட்டும்தான். எண்ணூறு வருசம் எங்கே இருந்தது, யாரைக் கண்டது, எதைக் கற்றது என்பது கேள்வியே இல்லை. பிறப்பை வைத்து அறிவைப் பங்கு போடுற பழக்கத்தை எங்கட ஊர்களிலயும் கண்டிருக்கிறம். கற்பனை உலகத்துக்கும் அதைக் கட்டிக்கொண்டு போக வேணுமா?

இந்த வகைக் கதைகளின் தாய் நூல்களில் ட்ராகன் இப்படி இல்லை. டோல்கீனின் 'த ஹொபிட்' (1937) இல் வருகிற ஸ்மோக்கை எடுங்கள். பில்போ தன் பெயரைச் சொல்லாமல் விடுகதை மாதிரித்தான் கதைக்கிறான். அந்தப் பேச்சுக்குள் இருந்தே, இவனுக்கு ஏரிப் பட்டணத்து ஆட்களோடு தொடர்பு இருக்கு என்று ஸ்மோக் பிடித்துவிடுகிறது. பிறகு, உன்னோடு வந்த குள்ளர்கள் உனக்குப் பங்கு தருவார்களா என்று ஒரு சந்தேகத்தையும் அவன் மனதில் போட்டுவிடுகிறது. குவியலில் இருந்து ஒரு கிண்ணம் காணாமல் போனதும் அதுக்குத் தெரியும். இந்த ஸ்மோக்கின் சாயலில் வந்ததுதான் விளையாட்டின் சிவப்பு ட்ராகன். ஆனால் விதிப் புத்தகத்தின் வளர்ந்த சிவப்பு ட்ராகனுக்கு ஆளறிதல் வெறும் +1. பில்போ என்ன, பத்து வயசுப் பிள்ளையே பேய்க்காட்டிப் போட்டுப் போகலாம்.

அர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய 'அ விஸர்ட் ஒஃப் எர்த்ஸீ'யில் கெட் என்ற இளம் மந்திரவாதி ஒரு மூத்த ட்ராகனை அடக்குவது மந்திரத் தடியால் அல்ல. அதன் உண்மைப் பெயரை அவன் பழைய கதைகளில் இருந்து ஊகித்து வைத்திருக்கிறான். அந்தப் பெயரைச் சொல்லித்தான் அடக்குகிறான். ட்ராகனும் அவனுக்குத் தேவையான ஒரு தகவலைத் தருவதாக ஆசை காட்டுகிறது. இரண்டு பக்கமும் கையில் வைத்திருக்கிற ஆயுதம் அறிவு. இந்தக் காட்சியை ஐந்தாம் பதிப்பு விதியில் விளையாடிப் பாருங்கள். மூன்றாவது நிமிசம் எல்லாரும் சண்டைக்கு முறை உருட்டிக்கொண்டு இருப்பினம்.

சரி, என்ன செய்யலாம்? நான் வரலாறு படிக்கிற ஆள். அதனால் எனக்கு வந்த யோசனையும் அங்கிருந்துதான். மட்டக்களப்பில் 1978 சூறாவளியைக் கண்ட ஒரு அம்மம்மாவிடம் போய் அதைப் பற்றிக் கேட்டால், அவ யோசித்துத் தட்டுத்தடுமாறிச் சொல்ல மாட்டா. எந்த வீட்டுக் கூரை போனது, எந்தத் தென்னை எந்தப் பக்கம் விழுந்தது என்று வரிசையாகச் சொல்லுவா. அதே நேரம் காற்றின் வேகம் என்ன, மற்ற மாவட்டத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் தெரியாது என்பா. இல்லாட்டி ஆரோ சொன்னதைச் சொல்லுவா. கண்டதும் கேள்விப்பட்டதும் வேற வேற அறிவு. இதைத்தான் ட்ராகனுக்கும் வைக்கலாம் என்கிறேன்.

எங்கள் மேசையில் பாவிக்கிற விதிகள் இவை:

1. ட்ராகனின் பக்கத்தில் முதலில் ஒரு வாழ்க்கைக் கோடு கீறுங்கள். பிறப்பில் இருந்து இன்றுவரை. அதை நாலைந்து துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: எங்கே இருந்தது, யார் பக்கத்தில் இருந்தார்கள்.

2. அந்தத் துண்டுகளில் இருந்துதான் திறன் வரும். இளம் ட்ராகனுக்கு மேலதிகமாக ஒரு தேர்ச்சி, வளர்ந்ததுக்கு மூன்று, மூத்ததுக்கு ஐந்து. எங்கே கற்றது என்று ஒரு வரியில் சொல்ல முடியாத திறனைக் கொடுக்கக்கூடாது. நிறம் காரணம் ஆகாது.

3. தன் எல்லைக்குள், தான் விழித்திருந்த காலத்தில் நடந்ததற்குப் பகடை இல்லை. அதுக்குத் தெரியும்.

4. எல்லைக்கு வெளியே நடந்தது, பிறர் சொல்லிக் கேட்டது என்றால் பகடை உருட்ட வேண்டும். தவறினால், ட்ராகன் பிழையான தகவலை உண்மை என்று நம்பிக்கொண்டிருக்கும்.

5. கோட்டில் தூங்கிய காலத்தைக் கறுப்பாக நிறந்தீட்டுங்கள். அதற்குள் நடந்தது எதுவும் தெரியாது. இதற்கும் பகடை இல்லை.

6. பதுங்கல் தன் நிலத்தில் மட்டும். கறுப்பு ட்ராகன் சேற்று நீருக்குள் கிடந்தால் காணமாட்டியள். அதே மிருகம் சந்தை வெளியில் எங்கே ஒளியும்?

ஐந்தாவதுதான் எனக்குப் பிடித்த விதி. தூக்கம் ஒன்றும் நான் கண்டுபிடித்தது இல்லை. 1977இல் வந்த முதல் 'மான்ஸ்டர் மனுவ'லிலேயே ஒவ்வொரு ட்ராகனுக்கும் நீங்கள் போகும்போது அது தூங்கிக்கொண்டிருக்க எத்தனை வீதம் வாய்ப்பு என்று போட்டிருந்தது. அப்ப அதின்ர பிரயோசனம், தூங்கேக்க போய் வெட்டலாம் என்பதுதான். நாங்கள் அதைத் திருப்பிப் போடுகிறோம். தூக்கம் என்பது ட்ராகனுக்குத் தெரியாத ஒரு காலம். அந்தக் காலம் விளையாடுபவர்களுக்குத் தெரியும். அப்ப அவர்களின் கையில் வாளைத் தவிர இன்னொன்றும் இருக்கு: செய்தி.

ஒரு உதாரணம். 430 வயதான வளர்ந்த சிவப்பு ட்ராகன். முதல் நூறு வருசம் சுரங்கம் தோண்டுற குள்ளர்களின் மலையில். அடுத்த இருநூறு வருசம் கீழே இருந்த இராச்சியத்திடம் திறை வாங்கியது; வருசா வருசம் தூதர்கள் வந்து வணங்கிப் பொய் சொல்லிப் போனார்கள். பிறகு 70 வருசத் தூக்கம். பிறகு விழிப்பு. இப்ப இதுக்கு வரலாறு, ஆளறிதல், இணங்க வைத்தல் மூன்றையும் கொடுக்கிறோம். அதன் தேர்ச்சி எண் +6. ஆகவே வரலாறு +9, ஆளறிதல் +7, இணங்க வைத்தல் +11. இருநூறு வருசமாகத் தூதர்களின் பொய்யைக் கேட்ட மிருகத்துக்கு +7 கூட இல்லை, சரிதானே. பத்தாம் மட்டத்துப் பாணன் ஒருவன் ஏமாற்றில் +9 வைத்திருப்பான். முந்தி +9க்கு எதிரே +1. இப்ப +9க்கு எதிரே +7. இதைத்தான் போட்டி என்கிறது.

இந்த ட்ராகனை எங்கள் மேசையில் இறக்கினோம். திறை தந்த இராச்சியம் அது தூங்கின காலத்தில் இல்லாமல் போனது அதுக்குத் தெரியாது. விளையாடினவர்களுக்குத் தெரியும். அதைச் சொல்றதா, மறைக்கிறதா, விலைக்கு விற்கிறதா என்று தங்களுக்குள்ளேயே கிசுகிசுத்துச் சண்டை பிடித்தார்கள். நாலு மணித்தியாலம் ஆடின ஆட்டத்தில் ஒரு வாள்கூட வெளியில வரேல்ல. இத்தனைக்கும் எங்கட குழுவில இருக்கிறவை அடிதடி எண்டா முதல் ஆளாய் நிற்கிற ஆக்கள்.

எதிர்ப்புகள் வராமல் இல்லை. 'டி.எம். நினைச்சா ட்ராகனுக்கு எல்லாம் தெரியும் எண்டு சொல்லலாம்தானே, உதுக்கு ஏன் விதி?' என்பது முதலாவது. சொல்லலாம், பிரச்சினையே அதுதான். டி.எம். நினைத்தபடி தெரியும், நினைத்தபடி தெரியாது என்றால் விளையாடுகிறவர்கள் எதை நம்பித் திட்டம் போடுவது? கோடு கீறிய தாள் டி.எம்.ஐயும் கட்டும். கறுப்பு நிறத்துக்குள் இருப்பது தெரியாது என்றால் தெரியாதுதான். மூளையைப் பாவித்து அந்தக் கறுப்பைக் கண்டுபிடித்தவர்களுக்கு அதன் பலன் கிடைக்க வேண்டும்.

இரண்டாவது, 'உப்படிச் செய்தா ட்ராகன் நல்லவர் ஆகிவிடும், பிறகு ஆரோட சண்டை பிடிக்கிறது?' நல்லவர் ஆகாது. திறை வாங்கின ட்ராகனுக்கு எந்த ஊர் எங்கே நெல்லை ஒளிச்சு வைக்கும் என்றும் தெரியும். அறிவு அதன் கொடுமையைக் கூட்டவும் செய்யும். சண்டை பிடிக்க வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. கொல்ல முடிவெடுத்தால் கொல்லுங்கள். ஆனால் குள்ளர்களின் மூடிய சுரங்கத்து வழி தெரிந்த கடைசி உயிர் அதுதான் என்று தெரிந்துகொண்டு கொல்லுங்கள். அப்பதான் அது ஒரு முடிவு. இல்லாட்டி 256 புள்ளியைக் கழிக்கிற கணக்கு.

மூன்றாவதை நண்பர்கள் ஆர்வத்தில் சொல்வார்கள்: 'ட்ராகனைத் தூக்கிப்போட்டு யாளியை வைப்பம், தமிழாய் இருக்கும்.' யாளி எனக்கும் பிடிக்கும். ஆனால் கோயில் தூணில் நிற்கிற யாளிக்குத் தன் சொந்தக் கதை இருக்கு. புதையலைக் காத்து மலைக்குகையில் தூங்குறது அதன் வேலை இல்லை. பெயரை மாத்திப்போட்டு அதே இரண்டு திறனோடு விட்டால், இப்ப கொல்லப்படப்போவது யாளி, அவ்வளவுதான் வித்தியாசம். விதியை மாற்றாமல் பெயரை மட்டும் மாற்றுவதில் தமிழுக்கு என்ன லாபம்?

தமிழில் செய்ய வேண்டிய வேலை வேறு இடத்தில் இருக்கு. எங்களில் யார் டி.எம். ஆகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஆங்கிலப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர்தான். மற்றவர்கள் ஒவ்வொரு முறையும் 'நான் இப்ப என்ன உருட்ட வேணும்?' என்று அவரைப் பார்த்துக் கேட்க வேண்டும். கதை சொல்லுறதில் கெட்டிக்காரர் எத்தனை பேர் அந்த ஒரு காரணத்தால் டி.எம். நாற்காலிக்குப் பக்கத்திலேயே வருவதில்லை. மேலே சொன்ன ஆறு விதிக்கும் அந்தப் புத்தகம் தேவையில்லை. ஒரு கொப்பித் தாள், ஒரு கோடு, நாலு வரி. பெர்செப்ஷன், இன்சைட், ஸ்டெல்த் என்று திக்கித் திணறாமல் கவனிப்பு, ஆளறிதல், பதுங்கல் என்று எழுதலாம். உங்கள் ஊரில் இதைவிட நல்ல சொல் இருந்தால் அதைப் போடுங்கள்.

இதற்குச் சட்டத் தடையும் இல்லை. விளையாட்டை வெளியிடும் விஸர்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட் நிறுவனம், உரிமம் பற்றி எழுந்த பெரிய எதிர்ப்புக்குப் பிறகு, 2023 ஜனவரியில் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பைக் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் விட்டது. எஸ்.ஆர்.டி. 5.1 என்று தேடினால் இலவசமாகக் கிடைக்கும். பத்து நிற ட்ராகன்களும் உள்ளே இருக்கின்றன. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், அச்சடித்து விற்கவும் செய்யலாம். பகடை வாங்கக் காசில்லை என்றால் ஃபோனில் உருட்டுகிற செயலிகள் இருக்கு.

ஆகவே விடுமுறைக்குள் ஆளுக்கொரு ட்ராகன் செய்வோம். செய்து முடித்ததை எங்களுக்கு அனுப்புங்கள். மற்றவர்கள் எடுத்து விளையாடட்டும். உயிர்ப்புள்ளியைக் கடைசியாக எழுதினால் போதும். முதலில் எழுத வேண்டியது, அது கடைசியாக எந்த வருசம் தூங்கப் போனது என்பது.